பொன்னுருக்குக்கு வந்த அட்டியல்

பாக்குவெட்டி என்றால் பாக்கு வெட்டுகிற சாமான் என்றுதான் பாலேஸ்வரி அதுவரை நினைத்திருந்தாள். அன்றைக்கு மத்தியானம் கிணற்றடியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வீட்டுக்குள் வந்தவள், மாமி சிவக்கொழுந்து பாயில் சம்மணம் கொட்டி இருந்துகொண்டு அதே பாக்குவெட்டியால் பொன்னை நறுக்குவதைக் கண்டாள். ஒரு துண்டு ஏற்கெனவே பாயில் கிடந்தது. அடுத்த துண்டு லேசில் விழமாட்டேன் என்றது போலும். மாமி பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் அமத்தினாள்.

நறுக்குப்பட்டது பாலேஸ்வரியின் அட்டியல். கழுத்தோடு ஒட்டிக் கிடக்கிற பட்டையான நகை, நடுவில் ஒற்றைச் சிவப்புக் கல். அந்தக் கல்லை மாமி முதலே நெம்பி எடுத்துத் தன் வெள்ளைச் சேலைத் தலைப்பில் முடிந்துவைத்திருந்தாள்.

"மாமி, என்ன செய்யிறியள்?"

"பார்க்க விளங்கேல்லையோ? ராசநாயகத்தின்ரை பொன்னுருக்கு வருகுது. தாலிக்குப் பொன் வேணும். இந்தச் சண்டைக் காலத்திலை சவரன் எங்கை கிடக்கு?"

"அது என்ரை அட்டியலெல்லோ மாமி."

"உன்ரைதான். ஆர் இல்லையெண்டது? இந்த வீட்டுக்கு வந்தது இந்த வீட்டுக் கலியாணத்துக்குப் போகுது. வேலிக்கு அங்காலையோ போகுது?" மாமி பாக்குவெட்டியை ஒருதரம் இறுக்கினாள். இரண்டாவது துண்டும் விழுந்தது. பிறகு தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "தம்பிராசாவிட்டை இருந்தும் ஒரு சொல்லு இல்லை. ஆருக்குக் காட்டவெண்டு உனக்கு இப்ப அட்டியல்?"

பாலேஸ்வரிக்கு அட்டியலை வெட்டியது கூடப் பெரிதாகப் படவில்லை. இந்தக் கடைசி வார்த்தைதான் நெஞ்சில் போய் ஏறியது. தம்பிராசா அவளுடைய புருசன், இந்த மனுசியின் மூத்த மகன். மலாயாவில் றெயில்வேயில் கிளாக்கர். கலியாணம் முடித்துப் போனவன், 'அடுத்த வருசம் வந்து கூட்டிக்கொண்டு போறன்' என்று எழுதினான். அதற்குள் யப்பான்காரன் மலாயாவைப் பிடித்துவிட்டான். அதன்பிறகு கடிதமும் இல்லை, காசுக் கட்டளையும் இல்லை. நாற்பத்திரண்டு போய், நாற்பத்திமூன்று போய், நாற்பத்திநாலு ஆவணியும் வந்துவிட்டது. அவர்கள் ஊரான ஏழாலையில் மட்டுமா, யாழ்ப்பாணம் முழுக்க வீட்டுக்கு வீடு இப்படி ஒருத்தி தபாற்காரனின் சைக்கிள் மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்த காலம் அது.

அட்டியலின் கதையையும் சொல்லிவிட வேண்டும். பாலேஸ்வரி கரவெட்டிப் பெண். தகப்பன் இல்லாத பிள்ளை. சீதனத்துக்கு நகை வேண்டுமென்றபோது அவளுடைய தாய், தன் பெட்டிக்குள் கிடந்த காப்புகளை எடுத்துக்கொண்டு நெல்லியடியில் ஒரு பத்தரிடம் போனாள். காப்பை அழித்து அட்டியல் செய்து மகளின் கழுத்தில் பூட்டி அனுப்பிவிட்டு, அடுத்த மாரிக்குள் கண்ணை மூடினாள். அந்தப் பொன்னுக்குப் பழி சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை. தாய் உழைத்துத் தேடிய பொன், தாய் கையால் மகளுக்கு வந்த பொன்.

தம்பிராசா கப்பலேறிய கிழமை மாமிதான் சொன்னாள்: "கள்ளர் காலம் பிள்ளை. என்ரை பெட்டகத்துக்கை கிடக்கட்டும்." பாலேஸ்வரி மறுபேச்சுப் பேசாமல் இரண்டு கையாலும் நீட்டினாள். வைத்திருக்கத்தான் கொடுத்தாள்.

சிவக்கொழுந்து கெட்ட மனுசி இல்லை. புருசன் போன நாளிலிருந்து தனியொருத்தியாய்ப் புகையிலைத் தோட்டம் செய்து, இரண்டு ஆண் பிள்ளைகளையும் இங்கிலீசுப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஆளாக்கினவள். ஆனால் ஒரு குணம். தன் கூரைக்குக் கீழே கிடக்கிறதெல்லாம் தன்னுடையது என்று நினைப்பாள்: மருமகளின் நகை, மருமகளின் நேரம், மருமகளின் நித்திரை. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பதென்றால் அவளுக்குக் கை கூசாது.

இனி இந்தப் பொன்னுருக்கு என்பது என்ன என்று தெரியாதவர்களும் இருப்பார்கள். எங்கள் பகுதியில் கலியாணத்துக்கு முன்னம் ஒரு நல்ல நாள் பார்த்து, மாப்பிள்ளை வீட்டில், இரண்டு பகுதிச் சனத்துக்கும் நடுவில் பத்தர் நெருப்பு மூட்டித் தாலிக்குப் பொன்னை உருக்குவார். பொன் மாப்பிள்ளையின் பொன்னாக இருக்க வேண்டும். உருக்கியது தட்டத்துக்கு வந்துவிட்டால் பாதிக் கலியாணம் முடிந்த மாதிரி. முன்கூட்டியே எங்கேயாவது கொண்டுபோய் ஒளித்து உருக்கிக்கொண்டு வரலாம் என்றால் அதுவும் ஏலாது. தாலிப் பொன் சபைக்கு முன்னால்தான் முதல் நெருப்பைக் காண வேண்டும், இல்லாவிட்டால் பொல்லாத சகுனம். அதனால்தான் சிவக்கொழுந்து பாக்குவெட்டியைத் தூக்கினாள். முழு அட்டியலாகச் சபைக்குப் போனால் அட்டியல் என்று தெரிந்துவிடும். துண்டாகப் போனால் வெறும் பொன்.

பொன்னுருக்க வரப்போகிறவர் சுன்னாகத்து ஏரம்புப் பத்தர். அவரைப் பற்றி ஊரில் இரண்டு கதை உண்டு. ஒன்று, அவருடைய கைராசி. அவர் உருக்கின பொன்னில் தாலி கட்டினவள் பேரப்பிள்ளை காணாமல் போகமாட்டாள் என்று சனம் நம்பியது. மற்றது, அவருடைய விசர்க் கேள்வி. யார் பொன் கொண்டுவந்தாலும், "ஆற்றை பொன்?", அதாவது யாருடைய பொன், என்று கேட்பார். கொண்டுவந்தவர் தன்னுடையது என்று வாயால் சொல்ல வேண்டும். அதோடும் விடமாட்டார். பக்கத்தில் நிற்கிறவர்களைத் திரும்பிப் பார்த்து, "வேறை ஆரும் உரித்துச் சொல்லுகினமோ?" என்று உரிமைக்காரரைத் தேடி இன்னொரு தரம் கேட்பார். அதற்குப் பிறகுதான் ஊதுகுழல் வாய்க்குப் போகும்.

சண்டை வந்து பொன் விலை ஏறியதோடு, நித்திரையில் கிடந்த பெண்களின் காதுத் தோட்டைக் கூடக் கழற்றிக்கொண்டு போனார்கள் கள்ளர். கொண்டுபோய்க் கொடுத்தால் கேள்விமுறை இல்லாமல் உருக்கித் தர ஆட்களும் இருந்தார்கள். ஒரு மூச்சு ஊதினால் போதும், யாருடைய காது, யாருடைய கழுத்து என்று பொன்னுக்கு நினைவு இருக்காது. ஏரம்பு அந்த வேலைக்கு இல்லை. அதனால் நல்ல வாடிக்கைகள் பலவும் கைவிட்டுப் போயின. போனால் போகட்டும் என்று மூக்குப்பொடி போட்டுக்கொண்டு இருந்தார். சிவக்கொழுந்துக்கு அந்தக் கேள்வி பிடிக்காதுதான். ஆனால் கைராசியை விட மனமில்லை. இளைய மகன் ராசநாயகத்தைக் கூப்பிட்டு இருத்திப் பாடம் சொல்லிக்கொடுத்தாள்: "பத்தர் கேட்டால் என்ரை எண்டு ஒரு சொல்லுச் சொல்லு. காணும்."

அன்றிரவு மச்சாள் சோறு போட, ராசநாயகம் தலையைச் சோற்றுக் கோப்பைக்குள் விட்டுக்கொண்டு சாப்பிட்டான்.

"தம்பி, உங்களுக்குத் தெரியுமோ?" என்று பாலேஸ்வரி கேட்டாள்.

"அம்மாவோடை கதைச்சுப் பாருங்கோ மச்சாள்" என்றான். யாழ்ப்பாணக் கச்சேரியில், அதுதான் அவன் வேலை பார்க்கிற அரசாங்க அலுவலகத்தில், வெள்ளைக்காரத் துரைக்கு முன்னால் இங்கிலீசில் வெளுத்து வாங்குகிற வாய் அது. தாய்க்கு முன்னால் சோற்றுக்கு மட்டும்தான் திறக்கும்.

அடுத்த நாள் கூப்பன் சீனி வாங்க என்று சொல்லிக்கொண்டு பாலேஸ்வரி சுன்னாகத்துக்கு நடந்தாள். சந்தைக்குப் பின்னால் ஓலைக் கொட்டில். ஏரம்புப் பத்தர் உமிச் சட்டிக்கு முன்னால் குந்தியிருந்து யாருக்கோ மூக்குத்தி ஒட்டிக்கொண்டிருந்தார்.

"பத்தர், எங்கடை வீட்டுப் பொன்னுருக்குக்கு வாறியளாம்."

"ஓம் பிள்ளை, வாறன்."

"அண்டைக்கு உங்கடை கையிலை வரப்போற பொன் என்ரை. என்னைக் கேளாமல் வெட்டினவை."

பத்தர் ஊதுகுழலைக் கீழே வைத்தார். மூக்குத்தியையும் வைத்தார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அதை இஞ்சை வந்து சொல்லி என்ன? நான் கேட்கிற இடத்திலை சொல்லுங்கோ."

"நீங்கள் வரமாட்டன் எண்டு சொல்லிவிட்டால் என்ன?"

"சொல்லலாம். நான் வராட்டி உங்கடை மாமி வேறை பத்தரைப் பிடிப்பா. அவர் ஒண்டும் கேளாமல் ஊதுவார். அட்டியல் அண்டையோடை முடிஞ்சுது. நான் வந்தால் ஒரு கேள்வியெண்டாலும் கிடக்கு." அவர் குரலில் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது. "ஆனா ஒண்டு. மறுமொழி உரித்துக்காரர் சொல்ல வேணும். உங்களுக்காக நான் சொன்னால் அது கோள். கலியாண வீட்டிலை கோள் சொல்லிப்போட்டு நான் இந்தத் தொழில் செய்யேலாது."

பாலேஸ்வரி சீனியை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தாள். வெயில் தலையைப் பிளந்தது. சபையில் வாய் திறப்பதென்றால் லேசான காரியமா? அவள் அந்த வீட்டில் இன்றுவரைக்கும் உரத்துத் தும்மியதில்லை. வாய் திறந்தால் மாமி வெளியே போ என்பாள். கரவெட்டியில் தமையன் இருக்கிறான், வா என்றுதான் சொல்லுவான், ஆனால் அவன் பெண்சாதி படலையிலேயே முகத்தைக் காட்டுவாள். அதுபோகட்டும். பொம்பிளை வீட்டுச் சனத்துக்கு முன்னால் பேசிக் கலியாணம் குழம்பிப் போனால்? பொம்பிளையாக வரப்போகிற அந்தக் குணலட்சுமி என்ன பாவம் செய்தாள்? 'மச்சானின்ரை கலியாணத்தைக் குழப்பினவள்' என்ற பெயர் சுடலை வரைக்கும் கூட வரும். பேசாவிட்டாலோ, அட்டியல் போச்சு. தாயின் காப்பு இரண்டாம் தரமும் நெருப்புக்குள் போகும், அதுவும் புருசன் செத்தவன் கணக்கில். இந்த நினைப்பு வந்ததும் அவளுக்கு அழுகையை விடக் கோபம்தான் வந்தது. நடுத் தெருவில் சீனிப் பையோடு நின்று, பல்லை நறுநறுவென்று கடித்தாள்.

பொன்னுருக்கு நாள் வந்தது. முற்றத்தில் பந்தல், வாசலில் நிறைகுடம், கன்னிக்கால் ஊன்றி மஞ்சள் பூசியாயிற்று. பொம்பிளை வீட்டுச் சனம் திருக்கல் வண்டில்களில் வந்து இறங்கியது. அவர்களுக்குத் தலைமை பொம்பிளையின் தாய்மாமன் கதிரவேலு. அவர் நொத்தாரிசு. காணி உறுதிப் பத்திரம் எழுதி எழுதி, சாதாரணமாகத் தண்ணீர் கேட்டாலும் 'மேற்படி செம்பில்' என்று கேட்கிற மனுசன். அவரை நடுவில் கதிரை போட்டு இருத்தினார்கள்.

சிவக்கொழுந்து கைம்பெண். நல்ல காரியத்தில் முன்னுக்கு வரக்கூடாது. அறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டே முழுப் பந்தலையும் ஆட்டிப் படைத்துக்கொண்டிருந்தாள். மருமகளைக் காலையிலேயே குசினிக்குள் தள்ளியாயிற்று. "பலகாரத்தைப் பார்த்துக்கொள். கூப்பிடாமல் வெளியாலை வராதை." குசினி வீட்டுக்குப் பின்னால் தனியாக நின்றது. அங்கே இருந்தால் பத்தரின் கேள்வியும் கேட்காது, கேட்டாலும் மறுமொழி சபைக்குப் போகாது. பாலேஸ்வரி பயற்றம் பணியாரத்தைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே, எப்படிப் போவது, என்ன சாட்டுச் சொல்லிப் போவது என்று யோசித்து யோசித்து மூளை கலங்கிப் போனாள். ஒரு வழியும் தெரியவில்லை.

வழி வேலியால் வந்தது. அயல் வீட்டு அருமைநாயகி பட்டுச் சேலையும் பூவுமாக வெளிக்கிட்டுப் படலை வரைக்கும் வந்தவள், அப்படியே நின்றுவிட்டாள். அளவெட்டியிலிருந்து ஆள் வந்திருந்தது. அவளுடைய சித்தப்பன் விடியப்புறம் மோசம் போய்விட்டாராம். துடக்கு, சாவுத் தீட்டு! துடக்கோடு கலியாண வீட்டுக்குள் கால் வைக்கலாமா? அவள் வேலிக்கு அங்காலேயே நின்று சேதியைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

பத்தருக்கு முன்னால் தட்டங்கள் கொண்டுபோய் வைக்க ஐந்து சுமங்கலிகள் வேண்டும். அருமைநாயகி போனதோடு மிச்சம் நாலு. இரட்டைப்படையில் நல்ல காரியம் செய்வார்களா? சிவக்கொழுந்து கதவிடுக்கால் பந்தலைத் துழாவிப் பார்த்தாள். மாப்பிள்ளை பகுதியில் மிச்சம் நின்றவர்கள் கைம்பெண்களும் குமர்ப்பிள்ளைகளும். பொம்பிளை பகுதியில் ஆள் கேட்டால் 'ஒரு சுமங்கலிக்கும் வழியில்லாத வீடோ' என்று சிரிப்பார்கள். நேரமோ ஓடுகிறது. கதிரவேலு பைக்குள் கிடந்த மணிக்கூட்டை எடுத்து எடுத்துப் பார்க்கிறார்.

"பாலேசு! எடி பாலேசு! கெதியாய்ச் சீலையை மாத்திக்கொண்டு வா! ஐஞ்சாவது தட்டம் நீ பிடி!"

கூப்பிட்ட வாயாலேயே மாமி அடுத்ததையும் சொன்னாள்: "வைச்சிட்டு உடனை உள்ளை போயிடு."

கூறைச் சேலையை உடுத்திக்கொண்டு பாலேஸ்வரி பந்தலுக்கு வந்தாள். கழுத்தில் தாலிக்கொடி மட்டும். மற்ற நாலு பெண்களும் கழுத்து நிறையப் பூட்டிக்கொண்டு நின்றார்கள். அவள் பழத் தட்டத்தைக் கொண்டுபோய்ப் பத்தருக்கு முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே போகவில்லை. அந்த இடத்திலேயே நின்றாள். கதவுக்குப் பின்னால் வளையல் இல்லாத கை ஒன்று 'வா, வா' என்று ஆட்டியது. அவள் அதைக் காணாதவள் மாதிரி நெருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சிரட்டைக் கரி கனன்று சிவந்திருந்தது. மாப்பிள்ளை ராசநாயகம் வேட்டி, சட்டை, நெற்றி நிறையத் திருநீறோடு வந்து வெற்றிலையில் சுற்றிய பொட்டலத்தைப் பத்தர் கையில் கொடுத்தான். பத்தர் அவிழ்த்தார். மூன்று துண்டும் உள்ளங்கையில் விழுந்தன. ஒன்றை எடுத்து உரைகல்லில் தேய்த்துப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"நல்ல பொன். ஆற்றை பொன் தம்பி?"

"என்ரை" என்றான் ராசநாயகம்.

"கரி வெடிக்கிற சத்தத்திலை கேக்கேல்லை."

"என்ரை பொன்."

பத்தர் சபைப் பக்கம் திரும்பினார். "சபையிலை வேறை ஆரும் உரித்துச் சொல்லுகினமோ?"

"ஊதும் பத்தர், எங்களுக்குப் பசிக்குது!" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, சனம் சிரித்தது. பத்தர் மூசைக்குள், அதுதான் பொன் உருக்குகிற சின்ன மண் கிண்ணத்துக்குள், துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டார். மூசையைக் குறட்டால் பிடித்து நெருப்பில் இறக்கப்போனார். பாலேஸ்வரி ஓரடி முன்னுக்கு வந்தாள். தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன!

"இறக்காதேங்கோ பத்தர். அது என்ரை."

சிரிப்பு அப்படியே நின்றது. மேளகாரன் தவிலில் வைத்த கையை எடுத்துவிட்டான். கதவுக்குப் பின்னாலிருந்து, "பாலேசு! உள்ளை வா!" என்று குரல் வந்தது. அவள் அசையவில்லை. குறட்டில் மூசை தொங்க, பத்தரும் அசையவில்லை.

"பிள்ளை என்ன சொல்லுது?" என்றார் கதிரவேலு.

"உது என்ரை அட்டியல் ஐயா. என்ரை தாய் தன்ரை காப்பை அழிச்சு எனக்குச் செய்தது. வைச்சிருக்கச் சொல்லி மாமியிட்டைக் குடுத்தனான். வெட்டச் சொல்லிக் குடுக்கேல்லை. உருக்கச் சொல்லியும் குடுக்கேல்லை." முதல் வார்த்தைக்கு நடுங்கிய குரல் கடைசி வார்த்தைக்குள் நேராகிவிட்டது. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

"ஒரு குடும்பத்துக்கை என்ன உன்ரை என்ரை?" கதவு படாரென்று திறந்தது. சிவக்கொழுந்து வாசற்படியில் நின்றாள், படி தாண்டவில்லை. "கலியாணத்தைக் குழப்பவோ வந்தனி? இருக்கிறானோ இல்லையோ எண்டு தெரியாத ஒருத்தனுக்காக நீ…"

அவ்வளவில் அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது. பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

பாலேஸ்வரி திரும்பி மாமியைப் பார்த்தாள். "முடிச்சுச் சொல்லுங்கோ மாமி. கொஞ்சம் முந்தி ஐஞ்சாவது சுமங்கலி எண்டு என்னைக் கூப்பிட்டியள். அப்ப அவர் இருக்கிறார். இப்ப என்ரை அட்டியலை உருக்கேக்கை மட்டும் அவர் இல்லையோ? ரண்டிலை ஒண்டைச் சொல்லுங்கோ. நான் சுமங்கலி எண்டால் என்ரை பொன்னைத் தாங்கோ. இல்லையெண்டால் நான் வைச்ச தட்டத்தை எடுத்து எறிஞ்சுபோட்டு வேறை ஆளைக் கூப்பிடுங்கோ. நான் குசினிக்குப் போறன்."

சிவக்கொழுந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை காலமும் தோட்டக் கூலிக்காரரிலிருந்து விதானையார் வரைக்கும் ஒருவருக்கும் தாழாத வாய் இரண்டு தரம் திறந்து மூடியது. மூன்றாம் தரம் வந்தது பேச்சில்லை, அழுகை.

"என்ரை பிள்ளை இருக்கிறான்" என்றாள். "ஆர் சொன்னது இல்லையெண்டு? என்ரை பிள்ளை இருக்கிறான்!"

"அப்ப அவன்ரை பெண்சாதியின்ரை பொன்னும் இருக்கட்டும்" என்றார் ஏரம்பு. மூசையைக் கவிழ்த்துத் துண்டுகளைத் தட்டத்தில் கொட்டிவிட்டார்.

இனி எல்லோருடைய கண்ணும் கதிரவேலு நொத்தாரிசு மேல். அவர் தொண்டையைச் செருமினார். "சீதனப் பொன் பொம்பிளைக்கே சொந்தம். தேசவழமை அறிஞ்ச எவரும் மேற்படி விசயத்திலை…" என்று தொடங்கியவர், தானே சலித்துப் போய்க் கையை உதறினார். "சட்டம் கிடக்கட்டும். எங்கடை குணலட்சுமியின்ரை கழுத்திலை இன்னொருத்தி தரமாட்டன் எண்ட பொன் ஏறாது. ஏறினால் அந்தப் பிள்ளைக்கு நித்திரை வருமே?"

கலியாணம் போச்சு என்று மாப்பிள்ளை வீட்டுச் சனம் நினைத்தது. பாலேஸ்வரியும் அப்படித்தான் நினைத்தாள். ஆனாலும் சொன்ன சொல்லில் ஒன்றையும் திருப்பி எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அப்போது ராசநாயகம் செய்த காரியத்தை ஏழாலையில் கனகாலம் கதைத்தார்கள். அவன் இவ்வளவு நேரமும் பத்தருக்கு முன்னால் காதுமடல் சிவக்க நின்றான். திடீரென்று தன் சட்டையின் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்தான். சட்டையில் சங்கிலி கோத்த தங்கப் பொத்தான் வரிசை. அவிழ்க்கப் பொறுமையில்லாமல் ஒரே இழுவையில் இழுத்தான். சட்டை டர்ரென்று கிழிந்தது. பொத்தான்கள் சங்கிலியோடு கைக்கு வந்தன.

"பத்தர், இதை உருக்குங்கோ. கச்சேரியிலை என்ரை முதல் சம்பளங்களை மிச்சம் பிடிச்சு நானே செய்விச்சது." பிறகு மச்சாளைப் பார்த்தான். "நான் பொய் சொன்னனான் மச்சாள். எனக்குத் தெரியும்."

பத்தர் பொத்தானை உரைத்துப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "தாலிக்குக் காணும். ஆற்றை பொன் தம்பி?"

"என்ரை!"

பந்தல் தடியில் இருந்த காகங்கள் பறந்தன. தாய்க்கு முன்னால் அந்த வாய் அவ்வளவு பெரிதாகத் திறந்ததை ஊர் அன்றைக்குத்தான் கண்டது.

"சபையிலை வேறை ஆரும் உரித்துச் சொல்லுகினமோ?"

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. கதிரவேலு மணிக்கூட்டைப் பார்த்து, "நேரம் கிடக்கு. ஊதும்" என்றார். ஏரம்பு ஊதினார். கரி வெள்ளையாகக் கனன்றது. மூசைக்குள் பொத்தான்கள் ஒன்றையொன்று சாய்ந்து, குழைந்து, கடைசியில் ஒரே துளியாய்த் திரண்டு மினுங்கின. மேளம் கொட்டியது. மாப்பிள்ளை கிழிந்த சட்டையை ஒரு கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் கும்பிட்டான். அதைப் பார்த்து முதலில் சிரித்தது கதிரவேலு நொத்தாரிசு. பிறகு பந்தல் முழுக்கச் சிரித்தது. பாலேஸ்வரிக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. அவள் எதையும் அடக்கவில்லை.

உருக்கிய பொன்னைத் தட்டத்தில் வைத்துச் சபையில் ஒவ்வொருவருக்கும் காட்டிக்கொண்டு போனார்கள். பத்தர் சாமான்களைக் கட்டத் தொடங்கினார். அப்போது வாசற்படியிலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது. சிவக்கொழுந்தின் குரல்தான் என்று நம்பச் சனத்துக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"பத்தர், அந்த அட்டியலை ஒட்டேலுமோ?"

"உருக்கியிருந்தால் ஏலாது. வெட்டினதுதானே, ஒட்டும்" என்றார் ஏரம்பு. "நெருப்பும் கிடக்கு."

அவர் மறுபடியும் குந்தினார். துண்டுகளைச் சேர்த்து வைத்து, வெண்காரம் தடவி, சின்னச் சின்ன மூச்சாக ஊதி ஒட்டினார். அட்டியலை உருக்கவென்று மூட்டிய நெருப்பு அதை ஒட்டிக்கொண்டிருந்ததைப் பொம்பிளை பகுதிப் பெண்களும் வந்து சுற்றி நின்று பார்த்தார்கள். ஒட்டின இடத்தில் வெட்டுத் தழும்பு தெரிந்தது. நடுவில் கல் இருந்த இடம் ஓட்டையாக இருந்தது. மாமி தலைப்பு முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள், முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை.

"கல்லைப் பிறகு பதிக்கலாம்" என்று சொல்லிப் பத்தர் அட்டியலைத் தண்ணீரில் லேசாகத் தொட்டெடுத்துப் பாலேஸ்வரியிடம் நீட்டினார். அவள் அதை வாங்கினாள். கழுத்தில் வைக்கவில்லை. நேரே வாசற்படிக்குப் போனாள்.

"மாமி, நீங்கள் பூட்டிவிடுங்கோ."

"நானோ?" சிவக்கொழுந்து ஓரடி பின்னுக்குப் போனாள். "எனக்கு என்ன விசரோ? நல்ல நாளிலை நான் தொடக்கூடாது. வேறை ஆரையும் கூப்பிடு."

"உங்கடை மகன்ரை பெண்சாதிக்கு நீங்கள் பூட்டாமல் ஆர் பூட்டுறது? அவர் இருக்கிறார் எண்டு சொன்னியள்தானே. இஞ்சாலை வந்து பூட்டுங்கோ."

சபையில் யாரோ முணுமுணுத்தார்கள். கதிரவேலு திரும்பி ஒரு பார்வை பார்த்தார், முணுமுணுப்பு அடங்கியது. சிவக்கொழுந்து படியைப் பார்த்தாள், மருமகளின் வெறுங்கழுத்தைப் பார்த்தாள். பிறகு வெள்ளைச் சேலையோடு படி தாண்டிப் பந்தலுக்குள் இறங்கினாள். பாலேஸ்வரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, கொண்டையைக் கையால் தூக்கிப் பிடித்தாள். பூட்டில் கொக்கி லேசில் விழவில்லை.

"சூடு இன்னும் கிடக்குதடி" என்றாள் மாமி.

"கிடக்கட்டும் மாமி. பூட்டுங்கோ."

கொக்கி விழுந்தது. மாமியின் கை கழுத்தை விட்டுப் போகவில்லை, அப்படியே தோளில் இறங்கித் தங்கியது. மேளகாரன் யாரும் சொல்லாமலே தவிலை அடித்தான். உருக்கிய பொன் சபை சுற்றித் திரும்பி வந்தது. அதைச் சாமியறைக்குக் கொண்டுபோக வேண்டும். பாலேஸ்வரி கண்ணைத் துடைத்துவிட்டுத் தட்டத்தை இரண்டு கையாலும் தூக்கினாள். கழுத்தை நிமிர்த்திக்கொண்டு அவள் முன்னுக்கு நடக்க, மற்ற நாலு சுமங்கலிகளும் அவளுக்குப் பின்னால் நடந்தார்கள்.